ஒருவருக்கு ஒரே பட்டியல்: முதியோர் இல்லத்தில் மருந்துக் கணக்கு

கேள்வி: முதியோர் இல்லம் ஒன்றில் மருந்துப் பொறுப்பு புதிதாக என்னிடம் வந்திருக்கிறது. 22 பேர் தங்கியிருக்கிறார்கள். பெரும்பாலும் வீட்டார்தான் பையில் மருந்து கொண்டுவந்து கொடுக்கிறார்கள், சிலருக்கு நாங்களே வாங்குகிறோம். நர்ஸ் ஒருவர்தான், மற்றவர்கள் பராமரிப்பாளர்கள். சென்ற மாதம் மருத்துவமனையிலிருந்து திரும்பிய ஒரு ஐயாவுக்குப் பழைய பிபி மாத்திரையும் புதிய பிபி மாத்திரையும் சேர்ந்தே போய்க்கொண்டிருந்தது. அட்டையில் பெயர் வேறு, உள்ளே மருந்து ஒன்று. எழுந்து நின்றவர் மயங்கி விழுந்துவிட்டார், நல்லவேளை எலும்பு முறியவில்லை. அவர் மகனிடம் 'தலைசுற்றல்' என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறோம். பதிவேட்டைப் பார்த்தால் எல்லாக் கட்டத்திலும் கையெழுத்து இருக்கிறது, ஆனால் மாத்திரை மீதம் இருக்கிறது. கேட்டால் யாரும் வாய் திறப்பதில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கட்டமெல்லாம் நிரம்பியிருக்கிறது, மாத்திரை மீதம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, கடிதத்தில் முக்கியமான வரி அதுதான். மருந்தாளுநராக இல்லங்களுக்குப் போய் மருந்துகளைச் சரிபார்ப்பது என் வேலை. பதிவேட்டைப் பார்ப்பவர்கள் நிறையப் பேர், அதைக் கையில் வைத்துக்கொண்டு மாத்திரையையும் எண்ணிப் பார்ப்பவர்கள் ரொம்பக் குறைவு. நீங்கள் எண்ணியிருக்கிறீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், உங்கள் ஆட்கள் அக்கறை இல்லாதவர்கள் என்ற முடிவுக்கு அவசரப்பட்டு வந்துவிடாதீர்கள். 2009இல் வெளியான ஓர் ஆய்வில் இங்கிலாந்தில் 55 இல்லங்களில் 256 பேருடைய மருந்துகளைச் சோதித்தார்கள். பத்தில் ஏழு பேருக்குக் குறைந்தது ஒரு தவறாவது நடந்திருந்தது. அந்தத் தவறுகள் கொடுக்கும் இடத்தில் மட்டும் நடந்தவை அல்ல, எழுதிய மருத்துவரிடமும் மருந்தை எடுத்துக் கொடுத்த கடையிலும் இரத்தப் பரிசோதனை செய்து பார்க்காமல் விட்ட இடத்திலும் என்று எல்லாப் படியிலும் இருந்தன. சராசரியாக ஒருவருக்கு எட்டு மருந்து. எட்டு மருந்து, மூன்று நான்கு வேளை, பல கைகள், அதுவும் வருடம் முழுக்க. அக்கறையை மட்டும் நம்பி இதைப் பிழையில்லாமல் நடத்த முடியாது, ஏற்பாடு வேண்டும்.

அந்த ஏற்பாட்டின் அடித்தளம் என்று நான் நினைப்பது ஒன்றுதான்: ஒருவருக்கு ஒரே ஒரு பட்டியல், இன்றைய தேதிக்குச் சரியானது. இப்போது உங்கள் இல்லத்தில் ஒவ்வொருவருக்கும் நான்கைந்து பட்டியல்கள் இருக்கும். மருத்துவமனை கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி ஒன்று, மகள் மனதில் இருப்பது ஒன்று, பதிவேட்டில் பழக்கத்தில் எழுதிவருவது ஒன்று, டப்பாவில் உண்மையில் கிடக்கும் அட்டைகள் இன்னொன்று. அந்த ஐயா விழுந்தது இந்தப் பட்டியல்களுக்கு நடுவே இருந்த இடைவெளியில்தான். மருத்துவமனை அவருக்குப் புதிய மாத்திரை எழுதியது, பழையதை நிறுத்தச் சொல்லி எங்கேயாவது ஒரு வரி இருந்திருக்கும் அல்லது அந்த வரி விட்டுப்போயிருக்கும். இல்லத்தில் பழைய அட்டை டப்பாவிலேயே இருந்தது, இருப்பதைக் கொடுத்தார்கள்.

பட்டியல் எழுதும்போது ஒருவரை எடுத்துக்கொண்டு அவருடைய எல்லா மருந்தையும் மேசையில் கொட்டுங்கள். டப்பாவில் இருப்பது மட்டுமில்லை, அலமாரியில் இருப்பது, தலையணைக்கு அடியில் இருப்பது, கண் சொட்டு, காது சொட்டு, களிம்பு, இன்ஹேலர், தோலில் ஒட்டும் பேட்ச், சத்து மாத்திரை, மகன் வாங்கிக் கொடுத்த மூட்டுவலி எண்ணெய், நாட்டு மருந்துப் பொடி, எல்லாம். பெரியவரிடமே கேளுங்கள், நினைவு நன்றாக இருப்பவர்களுக்குத் தங்கள் மருந்தைப் பற்றி நம்மைவிட அதிகம் தெரியும். பிறகு ஒவ்வொன்றுக்கும் மருந்தின் மூலப்பெயரை முதலில் எழுதுங்கள், கடைப்பெயர் அதற்குப் பக்கத்தில் வரட்டும். பிபி மருந்தான அம்லோடிபினை அந்தப் பெயரிலேயே எழுதினால் அதே மருந்து வேறு பெயரில் வந்தாலும் கண்ணில் படும், இன்னொரு பிபி மருந்தான டெல்மிசார்டனோடு சேர்த்து ஒரே மாத்திரையாக வந்தாலும் கண்ணில் படும். கடைப்பெயரை மட்டும் எழுதினால் இரண்டும் இரண்டு மருந்தாகத்தான் தெரியும். அதற்குப் பிறகு மில்லிகிராம், எத்தனை, எந்த வேளை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, வாய்வழியா தோலிலா கண்ணிலா, யார் எந்தத் தேதியில் எழுதினார், எப்போது நிறுத்த வேண்டும். மேலே பெரியவரின் படம், ஒவ்வாமை இருந்தால் அது சிவப்பில், ஒவ்வாமை இல்லையென்றால் 'இல்லை' என்ற சொல்லையும் எழுதுங்கள், ஏனென்றால் வெற்றிடம் இருந்தால் கேட்டார்களா கேட்கவில்லையா என்று யாருக்கும் தெரியாது.

பட்டியலில் இன்னொரு கட்டமும் அவசியம் வேண்டும், பலர் விட்டுவிடுவது: எதற்காக. ஒவ்வொரு மருந்துக்கும் எதற்காக என்று எழுதிப் பாருங்கள். ஏதாவது ஒன்றிரண்டுக்குப் பதில் கிடைக்காது. என்றைக்கோ ஒருமுறை வயிற்றெரிச்சலுக்கு எழுதியது, மருத்துவமனையில் படுத்திருந்தபோது தூக்கத்துக்குக் கொடுத்தது, இப்படி ஏதாவது வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். அதை நீங்களாக நிறுத்த வேண்டாம். கேள்விக்குறி போட்டு மருத்துவரிடம் கேளுங்கள்.

மருத்துவமனையிலிருந்து ஒருவர் திரும்பும் நாள்தான் எல்லாவற்றிலும் ஆபத்தான நாள். அன்றைக்கு, இரவு வேளை மருந்துக்கு முன்னாலேயே, பழைய பட்டியலையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு மருந்துக்கும் தொடர்கிறதா, மாறியதா, நின்றதா, புதியதா என்று எழுத வேண்டும். சம்மரியில் ஒரு மருந்தைப் பற்றி ஒன்றுமே இல்லையென்றால் அது நிறுத்தப்பட்டது என்றும் அர்த்தமில்லை, தொடர்கிறது என்றும் அர்த்தமில்லை, போன் செய்து கேட்க வேண்டும், யாரிடம் கேட்டீர்கள் என்ன சொன்னார்கள் என்று நேரத்தோடு எழுத வேண்டும். நின்றுபோன மருந்தின் அட்டையை அந்த நிமிடமே அவர் டப்பாவிலிருந்து எடுத்து, 'நிறுத்தியது' என்று எழுதிய பூட்டிய பெட்டியில் போடுங்கள். டப்பாவில் இருந்தால் யாராவது கொடுப்பார்கள், அது நிச்சயம்.

அந்த ஐயாவின் மகன் விஷயம். இன்றைக்கே கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். 'மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு ஒரே மருந்து இரண்டு பெயரில் அப்பாவுக்குப் போய்விட்டது, அதனால்தான் மயக்கம் வந்திருக்க வாய்ப்பு அதிகம், மருத்துவரிடம் சொல்லிவிட்டோம், அவர் இன்ன சோதனை செய்யச் சொன்னார், இனி இப்படி நடக்காமல் இருக்க இன்னது செய்கிறோம், எங்களை மன்னியுங்கள்' என்று நேரடியாகச் சொல்லுங்கள். மருத்துவரிடம் இன்னும் சொல்லவில்லை என்றால் மகனிடம் பேசுவதற்கு முன்பே அவரிடம் சொல்லுங்கள். மகன் கோபப்படுவார், படட்டும், விழுந்தது அவருடைய அப்பா. ஆனால் அடுத்து அவர் வேறொரு மருத்துவரிடம் அழைத்துப் போய் 'காரணமில்லாத தலைசுற்றல்' என்று சொல்லி, அதற்கு இன்னொரு மருந்தும் சேர்ந்துவிட்டால், அந்தப் பழி முழுக்க நம்முடையது.

சரி, மருந்து வாங்குவது. வீட்டார் கொண்டுவருவதை ஒரேயடியாக மறுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பலருக்கு அது செலவு சம்பந்தப்பட்டது, சிலருக்கு அப்பா அம்மாவுக்குத் தாங்கள் செய்ய முடிகிற ஒரே காரியம் அது. ஆனால் வாசலில் சில விதிகள் இருக்க வேண்டும். மருந்து அதன் அசல் அட்டையிலோ குப்பியிலோ வர வேண்டும், பெயரும் மில்லிகிராமும் காலாவதித் தேதியும் தெரிய வேண்டும். அட்டையை வெட்டும்போது தேதி இருக்கும் பக்கம் போய்விட்ட துண்டு வேண்டாம், காகிதத்தில் மடித்த உதிரி மாத்திரை கண்டிப்பாக வேண்டாம். கூடவே மருந்துச் சீட்டின் நகல் வர வேண்டும். கொண்டுவந்தவர் எதிரிலேயே எண்ணி, பட்டியலோடு ஒப்பிட்டு, எத்தனை வந்தது என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். பையை வாங்கி மேசையில் வைத்துவிட்டு 'அப்புறம் பார்க்கலாம்' என்றால் அங்கேயே கணக்கு உடைந்துவிடும்.

இல்லமே வாங்கும் மருந்துகளுக்கு முடிந்தவரை ஒரே மருந்துக்கடையை வைத்துக்கொள்ளுங்கள். விலைக்காக இதைச் சொல்லவில்லை. ஒருவருடைய எல்லா மருந்தும் ஒரே கடையில் வாங்கப்பட்டால் அங்கே இருக்கும் மருந்தாளுநர் கண்ணுக்கு மொத்தமும் தெரியும், இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவருக்குப் புதிதாக ஆன்டிபயாடிக் எழுதி வந்தால் 'இரத்தப் பரிசோதனை பார்க்கச் சொன்னார்களா' என்று அவர் கேட்பார். பல கடையில் வாங்கினால் அப்படிக் கேட்க யாரும் இல்லை. அந்தக் கடையில் ஒரு ஒப்பந்தம் போலப் பேசிவையுங்கள்: பிராண்ட் மாறினால் சொல்லிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும், 5 மில்லிகிராம் இல்லை 10 தருகிறேன் பாதியாக உடைத்துக்கொள்ளுங்கள் என்ற கதை கூடாது. உடைப்பதற்குக் கோடு போடாத மாத்திரைகள் உண்டு, உடைக்கவே கூடாதவை உண்டு. அதைவிட முக்கியம், அடுத்த ஷிஃப்டில் வருபவருக்குப் பாதி என்ற விஷயம் தெரியாது.

இருப்பு ஒரு வாரத்துக்கு வரும்போதே அடுத்ததை வாங்குங்கள். தீர்ந்த பிறகு ஓடினால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும், பக்கத்துப் படுக்கைக்காரரின் அட்டையிலிருந்து 'நாளைக்குத் திருப்பிவிடலாம்' என்று இரண்டு எடுப்பார்கள். கடன் வாங்கிய மாத்திரை இரண்டு பேருடைய கணக்கையும் கெடுக்கிறது. அதோடு ஒருவருக்கு எழுதிய மருந்து இன்னொருவருக்குப் போகிறது. இதை ஒருமுறைகூட அனுமதிக்காதீர்கள்.

போனில் மருத்துவர் சொல்லும் மாற்றங்கள் இன்னொரு வாசல். கேட்டதை உடனே எழுதி, எழுதியதை அவருக்கே திரும்பப் படித்துக் காட்டி, அவர் ஆமாம் என்ற பிறகுதான் பட்டியலை மாற்ற வேண்டும், கூடிய சீக்கிரம் எழுத்தில் உறுதி வாங்க வேண்டும். பதினைந்தா ஐம்பதா என்று ஆங்கிலத்தில் கேட்கும்போது காது ஏமாறும், 'ஒன்று ஐந்து', 'ஐந்து பூஜ்ஜியம்' என்று இலக்கமாகச் சொல்லி உறுதி செய்யுங்கள். ஓடி (OD, தினம் ஒருமுறை), பிடி (BD, இருமுறை), டிடிஎஸ் (TDS, மூன்று முறை) போன்ற ஆங்கிலச் சுருக்கங்களைப் பராமரிப்பாளர்களுக்கான தாளில் எழுதவே வேண்டாம், காலை, மதியம், இரவு என்று தமிழில் எழுதுங்கள். அரை என்றால் 0.5, புள்ளிக்கு முன்னால் பூஜ்ஜியம் கட்டாயம். ஐந்து என்றால் வெறும் 5, பின்னால் புள்ளியும் பூஜ்ஜியமும் வந்தால் அது 50 ஆகிவிடும். இன்சுலினுக்கு யூனிட் என்று முழுதாக எழுதுங்கள். அதற்குப் பதிலாக எழுதும் U என்ற ஒற்றை ஆங்கில எழுத்து அவசரத்தில் பூஜ்ஜியம் போலத் தெரிந்து 4 யூனிட் 40 ஆன சம்பவங்கள் உலகம் முழுக்க நடந்திருக்கின்றன.

இன்சுலின் என்றதும் இன்னொன்று. மில்லிக்கு 40 யூனிட் குப்பியும் 100 யூனிட் குப்பியும் இரண்டும் புழக்கத்தில் இருக்கும் இடமென்றால் சிரிஞ்சும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும். 100 குப்பி மருந்தை 40 சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட், இரண்டரை மடங்கு. இரவில் இது நடந்தால் காலையில் எழுப்ப முடியாமலே போகலாம். முடிந்தால் இல்லம் முழுக்க ஒரே வகையை மட்டும் வைத்துக்கொள்ள மருத்துவரிடம் பேசுங்கள்.

மெத்தோட்ரெக்ஸேட்டைப் பற்றி இதைவிடக் கவலையோடு சொல்கிறேன். மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும்போது அது வாரத்துக்கு ஒருநாள் மட்டும். மற்றதெல்லாம் தினமும் கொடுத்துப் பழகிய கை இதையும் தினமும் கொடுத்துவிடும், எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு உயிரே போகும், போயிருக்கிறது. அதைச் சாப்பிடுபவர் யாராவது இருந்தால் எந்தக் கிழமை என்று பட்டியலில் எழுதி, மற்ற ஆறு நாள் கட்டத்திலும் பேனாவால் குறுக்குக் கோடு போட்டு அடைத்துவிடுங்கள், அட்டையைத் தனியாக வையுங்கள். வலிக்கான ஃபென்டனில் பேட்ச் இருந்தால் பொதுவாக 72 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவது, புதியதை ஒட்டும் முன் பழையதை எடுத்தோமா என்று பார்க்க வேண்டும், உடலில் எந்த இடத்தில் ஒட்டினோம் என்று எழுத வேண்டும், அதன் மேல் வெந்நீர்ப் பை வைக்கக் கூடாது, சூட்டில் மருந்து வேகமாக இறங்கும். இந்த மாதிரி வலி மருந்துகள், மார்ஃபின் உட்பட, தனிப் பூட்டில், தனி நோட்டில், ஒவ்வொரு முறையும் இருவர் கையெழுத்தோடு, மீதி எத்தனை என்ற எண்ணோடு இருக்க வேண்டும்.

வைக்கும் இடம் பற்றிச் சுருக்கமாக. பூட்டு, சாவி அந்த ஷிஃப்ட் பொறுப்பாளரிடம், ஒவ்வொருவருக்கும் பெயரும் படமும் ஒட்டிய தனி டப்பா. குளியலறையும் அடுப்படியும் வேண்டாம். பிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரி, உள்ளே ஒரு தெர்மாமீட்டர், தினமும் எழுதுங்கள். இன்சுலின் உறைந்துபோனால் பிறகு உருகினாலும் உதவாது. திறந்த இன்சுலின் பெரும்பாலானவற்றுக்கு 28 நாள் கணக்கு, கண் சொட்டுக்குப் பொதுவாக நான்கு வாரம், திறந்த தேதியைக் குப்பியிலேயே எழுதினால்தான் இது நடக்கும்.

வாரத்துக்கு ஒருமுறை எல்லா மாத்திரையையும் பிரித்து ஏழு அறை டப்பாவில் போட்டு வைக்கும் பழக்கம் உங்களிடம் இருக்கலாம். வீட்டில் தனியாக இருப்பவருக்கு அது நல்லது, இல்லத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அட்டையிலிருந்து பிரித்ததும் மாத்திரைக்குப் பெயர் போய்விடுகிறது, வெள்ளையாக உருண்டையாக ஐந்து கிடந்தால் எது எதென்று கொடுப்பவருக்குத் தெரியாது, ஒன்றை நிறுத்தச் சொன்னால் எடுக்கவும் முடியாது. வலிப்புக்குக் கொடுக்கும் வால்ப்ரோயேட் ஈரத்தை இழுக்கும், நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரை அதன் குப்பியை விட்டு வெளியே வந்தால் வீரியம் இழக்கும். அட்டையிலிருந்து எடுத்தவரே அப்போதே கொடுக்க வேண்டும். ஒருவர் எடுத்து வைக்க இன்னொருவர் கொடுக்கும் ஏற்பாடு எவ்வளவு நேரம் மிச்சப்படுத்தினாலும் வேண்டாம்.

கொடுக்கும் நேரத்துக்கு வருவோம், உங்கள் கையெழுத்துப் பிரச்சினை அங்கேதான் பிறக்கிறது. ஒருவருக்குக் கொடுத்து, அவர் விழுங்கியதைப் பார்த்து, அதன் பிறகு அந்த இடத்திலேயே கையெழுத்து, அதற்குப் பிறகுதான் அடுத்தவர். எல்லாருக்கும் கொடுத்துவிட்டு உட்கார்ந்து மொத்தமாகப் போடும் கையெழுத்து நினைவிலிருந்து போடுவது, நினைவு எப்போதும் 'கொடுத்திருப்பேன்' என்றுதான் சொல்லும். கொடுக்காததற்கும் கட்டத்தில் எழுத வழி வேண்டும், இல்லையென்றால் எல்லாரும் கையெழுத்துதான் போடுவார்கள். 'ம' என்றால் மறுத்தார், 'உ' உறக்கம், 'வெ' வெளியே போயிருக்கிறார், 'இ' இருப்பு இல்லை என்று எழுத்துகளை முடிவு செய்து தாளின் அடியில் அச்சடித்துவிடுங்கள். எழுத்து வந்த கட்டத்துக்குப் பின்பக்கம் ஒரு வரி விளக்கம். காலியாக விட்ட கட்டம்கூடப் பரவாயில்லை, யாராவது கேட்பார்கள். பொய்க் கையெழுத்தைப் பார்த்து யாரும் கேட்க மாட்டார்கள். மருந்து கொடுப்பவரை அந்த நேரத்தில் போன் எடுக்கவோ கதவு திறக்கவோ கூப்பிடாதீர்கள், இது நிர்வாகம் செய்து கொடுக்க வேண்டிய உதவி. நினைவு மங்கியவரிடம் 'நீங்கள்தானே இன்னார்' என்று கேட்டால் எந்தப் பெயருக்கும் தலையாட்டுவார், படத்தைப் பாருங்கள்.

எல்லாருக்கும் எல்லாமும் காலை எட்டு மணிக்கு என்று வைத்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும். பார்க்கின்சன் உள்ளவருக்கு லெவோடோபா அரை மணி தாமதித்தாலே உடம்பு விறைத்துப்போகலாம், அவர் மருந்து அவர் நேரத்துக்குத்தான். தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால். கால்சியமும் இரும்புச் சத்தும் அதிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளி. எலும்புத் தேய்மானத்துக்கு அலென்ட்ரோனேட் சாப்பிடுபவர் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும், இல்லையென்றால் உணவுக்குழாய் புண்ணாகும். விழுங்க முடியவில்லை என்று பொடிக்கிறார்களா என்று பாருங்கள். பெயருக்குப் பின்னால் எஸ்ஆர், எக்ஸ்ஆர், சிஆர் என்று இருந்தால் அது நாள் முழுக்க மெதுவாக இறங்க வேண்டிய மருந்து, பொடித்தால் மொத்தமும் ஒரே நேரத்தில் இறங்கும். திரவமாகக் கிடைக்குமா என்று மருந்தாளுநரிடம் கேளுங்கள், திரவத்தை அளவுச் சிரிஞ்சில் எடுங்கள், சாப்பாட்டு ஸ்பூன் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு.

தேவைப்பட்டால் மட்டும் கொடுக்கும் மருந்துக்கு, எதற்குக் கொடுப்பது, எத்தனை மணி இடைவெளி, ஒரு நாளைக்கு அதிகபட்சம் எவ்வளவு என்ற மூன்றும் பட்டியலில் இருக்க வேண்டும், கொடுத்த பிறகு வலி குறைந்ததா என்றும் எழுத வேண்டும். பாராசிட்டமால் பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராம் தாண்டக் கூடாது, மெலிந்தவர்களுக்கும் கல்லீரல் பாதித்தவர்களுக்கும் மருத்துவர் அதைவிடக் குறைவாகச் சொல்வார். சளி மாத்திரைக்குள்ளும் அது ஒளிந்திருக்கிறது, மூலப்பெயர் எழுதும் பழக்கம் இங்கேயும் காப்பாற்றும்.

மருந்து வேண்டாம் என்பவருக்குச் சாப்பாட்டில் கலந்து கொடுத்துவிடலாமா என்று உங்கள் ஆட்கள் கேட்பார்கள். அவர் சுயமாக முடிவெடுக்கக் கூடியவர் என்றால் கூடாது, அது அவர் உரிமை. நினைவு மிகவும் மங்கியவர் என்றாலும் மருத்துவர், குடும்பத்தார், மருந்தாளுநர் சேர்ந்து பேசி எழுத்தில் முடிவெடுத்த பிறகுதான். பெரும்பாலும் மறுப்புக்கு ஒரு காரணம் இருக்கும், மாத்திரை பெரிது, கசக்கிறது, வாய் உலர்ந்திருக்கிறது, சாப்பிட்டால் குமட்டுகிறது. கேட்டால் சொல்வார்கள்.

இப்போது கணக்கு. போன இருப்போடு புதிதாக வந்ததைக் கூட்டி, கொடுத்ததையும் திருப்பியதையும் கீழே விழுந்து வீணானதையும் கழித்தால் கையில் இருக்க வேண்டியது வரும். முதல் தேதி காலையில் 30 மாத்திரை, தினமும் காலையில் ஒன்று என்றால், 11ஆம் தேதி காலை கொடுப்பதற்கு முன்னால் 20 இருக்க வேண்டும். 24 இருந்தால் நான்கு நாள் கொடுக்காமல் கையெழுத்து விழுந்திருக்கிறது. 17 இருந்தால் இரட்டிப்பாகப் போயிருக்கலாம், வீணானதை எழுதாமல் விட்டிருக்கலாம், யாராவது எடுத்திருக்கலாம். வாரம் ஒருமுறை, அந்த வாரம் மருந்து கொடுக்காத ஒருவர் எண்ண வேண்டும். எல்லாருடையதையும் ஒரே நாளில் எண்ண வேண்டியதில்லை, நாளுக்கு மூன்று நான்கு பேர் என்று பிரித்துக்கொண்டால் வாரத்தில் 22 பேரும் முடிந்துவிடும். இந்த எண்ணிக்கை இருப்புப் புத்தகமாகவும் பயன்படும், எது தீரப்போகிறது என்று அதிலேயே தெரிந்துவிடும்.

வித்தியாசம் வந்ததும் யார் செய்தது என்று தேடத் தொடங்கினால் வாய் திறக்க மாட்டார்கள், இப்போது திறக்காததும் அதனால்தான். முதலில் அந்தப் பெரியவர் எப்படி இருக்கிறார், மருத்துவருக்குச் சொல்லியாயிற்றா, பிறகு என்ன நடந்தது, எது அதை எளிதாக்கியது, இந்த வரிசையில் கேளுங்கள். தவறை அவர்களாகவே வந்து சொன்னால் சம்பளத்திலும் வேலையிலும் கை வைக்க மாட்டோம் என்று நிர்வாகத்தை எழுத்தில் ஒப்புக்கொள்ள வையுங்கள். கொடுக்கப் போய் கடைசி நொடியில் தப்பியதையும் எழுதச் சொல்லுங்கள், எனக்கு அந்தக் குறிப்புகள்தான் அதிகம் உதவுகின்றன. முதல்முறை ஒருவர் வந்து சொல்லும்போது உங்கள் முகம் எப்படி இருந்தது என்பதை மற்றவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் எல்லாம் சொல்லிக் கொடுத்த பிறகும் தெரிந்தே பொய்க் கையெழுத்துப் போடுவதும், வலி மருந்து காணாமல் போவதும் வேறு விஷயம், அங்கே மென்மை வேண்டாம்.

நிறுத்திய மருந்து, காலாவதியானது, இறந்துபோனவருடையது எல்லாவற்றையும் எண்ணி எழுதி, திரும்ப எடுத்துக்கொள்ளும் மருந்துக்கடைக்கோ முறையாக அழிக்கும் இடத்துக்கோ கொடுத்து ரசீது வாங்குங்கள். நல்ல மருந்து வீணாகிறதே என்று அடுத்தவருக்கு எடுத்து வைக்க வேண்டாம், கழிவறையில் கொட்டவும் வேண்டாம். யாரையாவது அவசரமாக மருத்துவமனைக்கு அனுப்பினால் பட்டியலின் நகலும் ஒவ்வொரு மருந்தும் கடைசியாக எப்போது கொடுத்தோம் என்ற நேரமும் கூடவே போக வேண்டும், நள்ளிரவில் இதைத் தேட முடியாது, நகல் முன்கூட்டியே கோப்பில் இருக்கட்டும்.

தொடக்கம் என்று கேட்டீர்கள். இன்சுலின், வார்ஃபரின், மெத்தோட்ரெக்ஸேட், பேட்ச் உள்ளவர்கள், அண்மையில் மருத்துவமனை போய்வந்தவர்கள், அவர்கள்தான் முதலில். அவர்கள் பட்டியல் முடிந்ததும் மருத்துவரிடம் நேரம் கேட்டு ஒவ்வொருவரையும் பற்றி உட்கார்ந்து பேசுங்கள், எது இன்னும் வேண்டும், எதைக் குறைக்கலாம் என்று. முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகள் என்று மார்க் பியர்ஸ் என்ற மருத்துவர் 1991இல் வெளியிட்ட பட்டியலே இல்லங்களில் வாழ்பவர்களுக்காகத்தான் முதலில் எழுதப்பட்டது, இன்றும் அமெரிக்க முதியோர் மருத்துவ சங்கம் அதைப் புதுப்பித்து வெளியிடுகிறது. டயஸிபாம் போன்ற தூக்க மாத்திரைகளும் சளிக்குக் கொடுக்கும் பழைய அலர்ஜி மாத்திரைகளும் அதில் இருக்கின்றன, இவை விழுதலுக்கும் மனக் குழப்பத்துக்கும் காரணமாகின்றன. உங்கள் மருத்துவருக்கு இது தெரிந்திருக்கும், நீங்கள் கேட்டால் பார்ப்பார். தூக்க மாத்திரை, ஸ்டீராய்டு, சில இதய மருந்துகள் போன்றவற்றைச் சட்டென நிறுத்தினால் ஆபத்து, எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்பதையும் அவரே எழுதித் தர வேண்டும்.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் பழைய தாளில் திருத்திக்கொண்டே போகாமல் புதிதாக எழுதுங்கள். எழுதியதை நர்ஸ் ஒருமுறை சரிபார்க்கட்டும். புதிய தாள் பயன்பாட்டுக்கு வந்த அன்றே பழையதன் குறுக்கே கோடு போட்டு, தேதி எழுதி, வேறு கோப்புக்கு மாற்றிவிடுங்கள். கிழித்துப் போட வேண்டாம், எப்போது எது மாறியது என்று கேள்வி வரும்போது அது தேவைப்படும்.